கிராஸிங்குக்கு நிற்கும் வண்டி

எம் பையனுக்கு,

நீ நன்றாக இருப்பதை உன் வாட்ஸப் போட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். இதை உன் போனுக்கே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய்; நான் எழுதப்போகிற நீளத்துக்கு ஒரு கட்டைவிரல் போதாது. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன்னைப் போலவே சின்ன ரயில் வாங்கி அடுக்குகிற உன் கூட்டாளிகளும் படிக்கட்டும். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்த ஆள் நான். கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டியே காலத்தைக் கழித்தவன். எழுத்தில் மேடுபள்ளம் இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்.

போன வாரம் நீ போனில் சொன்னதை நீ மறந்திருக்கலாம். உனக்குப் பின்னால் யாரோ ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள். "அப்பா, மாடியில கீற என் பாக்ஸ் எல்லாத்தையும் ஞாயித்துக்கெழம ஷிஃப்ட் பண்ணிடலாம். அந்தப் பழைய இஞ்சினையும் பபிள் ராப் சுத்தி எடுத்து வெச்சிடுங்க. புது வூட்டு ஷெல்ஃபுல நடுவுல வைக்கப்போறேன். அந்தக் கதவ யாருக்குனா குடுத்துடுங்க. நான் வரேன், முடியலன்னா ஆள் அனுப்புறேன்" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். பஸ்ஸில் ஏறுகிற ஆபீசர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை, தானாக வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசித்தேன். யோசித்து முடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கதவு எது என்று படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் வாசல் நிலையைக் கரையான் தின்றபோது இரும்புக் கதவு போட்டோம். பழைய மரக்கதவு மட்டும் திடமாக இருந்தது. அதைத் தூக்கி மாடி அறையில் நாலு ஸ்டூல் மேல் கிடத்தினோம். நீ அப்போது எட்டாவது படித்தாய். என் பஸ்ஸில் முன் சீட்டில் வருகிற ஒரு சார், வேலை முடிந்து வடக்கே அவர் ஊருக்குக் கிளம்பும்போது, ஒரு அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்து, "உங்க பையன் விளையாடட்டும் டிரைவர்" என்றார். உள்ளே ஒரு நீல இஞ்சின், நாலு கோச், வட்டமாகப் போடுகிற தண்டவாளம், பக்கத்தில் ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன், திருகினால் வேகம் கூடுகிற ஒரு கன்ட்ரோலர். அவ்வளவுதான். அந்தத் தண்டவாளத்தைக் கதவின் மேல் போட்டோம். தாழ்ப்பாள் இருந்த ஓட்டையை என்ன செய்வது என்று நான் முழித்தபோது, "அது ஊர்க் கிணறுப்பா" என்றாய். தண்டவாளத்தின் ஓரத்தில் தீப்பெட்டியைக் கிழித்து ஒட்டி ஸ்டேஷன் மேடை கட்டினாய். அன்றைக்கு உனக்குக் கடையே தேவைப்படவில்லை.

முதல் வாரம் வட்டமாகச் சுற்றியது. இரண்டாவது வாரமும் வட்டமாகச் சுற்றியது. மூன்றாவது வாரம் உனக்குச் சலித்துவிட்டது. "இன்னொரு வண்டி வேணும்பா" என்றாய். அந்த இடத்தில்தான் நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தேன். நம் வீட்டுக்குப் பின்னால் போவது காஞ்சிபுரம் லைன். ஒற்றைத் தண்டவாளம். எதிரே ஒரு வண்டி வந்தால் இந்த வண்டி ஏதாவது ஸ்டேஷன் லூப்பில் ஒதுங்கி, அது கடக்கும்வரை நிற்க வேண்டும். கிராஸிங் என்பார்கள். "நம்ம வண்டியும் கிராஸிங்குக்கு நிக்கட்டுமே" என்றேன்.

"நம்மகிட்ட கீறதே ஒரே வண்டி. யாருக்காக நிக்கணும்?"

வெளியே ஹாரன் கேட்டது. "அதோ வருது பாரு, அதுக்கு" என்றேன்.

உன் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அதற்கப்புறம் அதுதான் நம் சட்டம். நம் நீல இஞ்சின் லூப்பில் ஒதுங்கி நிற்கும். சாயங்கால வண்டி வீட்டுக்குப் பின்னால் தடதடத்துப் போய், ஜன்னல் கண்ணாடி ஆடி அடங்கிய பிறகுதான் உன் அம்மாவின் ரவிக்கைத் துணியில் வெட்டிய பச்சைக்கொடியை நான் காட்டுவேன். நீ கன்ட்ரோலரைத் திருகுவாய். அந்த வண்டி லேட் என்றால் நம் வண்டியும் லேட். மழைக்காலத்தில் ஒருநாள் எங்கேயோ தண்ணீர் ஏறி, வண்டி வரவே இல்லை. நீ கதவோரம் நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு பயணிகளின் கனிவான கவனத்துக்கு அறிவிப்பு கொடுத்தபடி இருந்தாய். எந்தக் கோச்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் சொன்னாய். இரண்டாவது கோச்சில் ஒரு நர்ஸ், டிபன்பாக்ஸ் திறந்து சாப்பிடுகிறாள். கடைசிக் கோச்சில் பட்டுப்புடவை மூட்டையோடு ஒருவர் தூங்குகிறார், அவர் ஊர் வந்தால் எழுப்ப வேண்டும். உன் அம்மா தோசைத் தட்டோடு மேலே வந்து, "இன்னாய்யா, வெளையாடிகினு கீறீங்களா, இல்ல ரெண்டு பேரும் ரயில்வேல வேலைக்குச் சேந்துட்டீங்களா? இறங்கி வந்து துன்னுங்கோ" என்று கத்தினாள். "இன்னும் கிராஸிங் ஆவலம்மா" என்றாய். அவளும் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இல்லாத வண்டிக்காக மூன்று பேர் காத்திருந்தோம். அதைவிடச் சுகமாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

பிறகு அவளும் கூட்டு சேர்ந்தாள். கதவு ஓரத்தில் கண்ணாடித் துண்டு வைத்து ஏரி செய்திருந்தோமே, கார்த்திகை பிறந்தால் அதில் அரிசிக் குருணையைத் தூவுவாள். வேடந்தாங்கலுக்குப் பறவை வந்துவிட்டதாம். பங்குனியில் துடைத்தெடுத்துவிடுவாள், பறவை ஊருக்குப் போய்விட்டதாம். ஒரு வருஷம், "யோவ், ஓடியாய்யா, எறும்பு கொக்கத் தூக்கிகினு போவுது" என்று கூப்பிட்டாள். மூன்று பேரும் எறும்பை விரட்டாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இஞ்சின் அதே இஞ்சின். கோச் அதே கோச். ஆனால் அந்தக் கதவில் ஒரு வாரம் போல இன்னொரு வாரம் இருந்ததில்லை.

பொத்தேரி காலேஜில் படித்தாய், வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் ஒரு சிவப்பு இஞ்சின் வாங்கி வந்தாய். நான் டீக்கடையில் போய்ப் பெருமை அடித்தேன். அதற்கு நீ காரணமில்லை, என் வாய்க்கொழுப்பு. அன்று சாயங்காலம் இரண்டு வண்டியையும் எதிரெதிராக விட்டாய். பின்னால் ஹாரன் கேட்டது. நான் கொடியை எடுத்தேன். "அது வேணாம்பா, இனிமே நிஜ வண்டிக்குக் காத்திருக்க வேணாம். நமக்கு நாமே கிராஸிங் போட்டுக்கலாம்" என்றாய். நியாயம்தான். கொடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது இஞ்சின் வந்தபோது கன்ட்ரோலரே வேண்டாம், எல்லாவற்றையும் போனிலேயே ஓட்டலாம் என்றாய். கொடி காட்டுகிற ஆளுக்கும் வேலை போயிற்று. முன்கூட்டியே ஓய்வு கொடுத்தார்கள் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் வந்தவற்றுக்குக் கதவில் இடமில்லை. பெட்டியோடு சுவரோரம் நின்றன. விலையைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. உன் உழைப்பு, உன் இஷ்டம். எனக்கு உறுத்தியது வேறு. ஒரு பொங்கலுக்கு வந்திருந்தாய். ரொம்ப நாள் கழித்து வந்திருக்கிறானே என்று நானே மாடியேறி, துணியால் தண்டவாளத்தைத் துடைத்து, நீல இஞ்சினை லூப்பில் நிறுத்தி, "வாடா, வண்டி வர்ற நேரம்" என்று கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம்பா, புக்கிங் ஓப்பன் ஆவுது, விட்டா கெடைக்காது" என்று போனைப் பார்த்தபடி படிக்கட்டிலேயே நின்றுவிட்டாய். பின்னால் வண்டி வந்தது, ஜன்னல் ஆடியது, போயே போய்விட்டது. நீ "கெடச்சிடுச்சு!" என்று துள்ளினாய். விற்பனைக்கு வந்த இன்னொரு பொம்மை ரயில். கையில் ஒரு ரயில் கிளம்ப நிற்கிறது, காதில் ஒரு ரயில் போகிறது, நீ மூன்றாவது ஒரு ரயிலைப் பிடித்த சந்தோஷத்தில் இருந்தாய். நான் வாழ்த்துச் சொன்னேன். அதுவும் பழக்கம்தான்.

"நீ இன்னாடா இதெல்லாம் ஓட்டாம அடுக்கிகினே கீற?" என்று அம்மா கேட்டதற்கு, "நான் கலெக்டர்மா" என்றாய். "ஏன், செங்கல்பட்டுக்கு ஒரு கலெக்டர் பத்தாதா?" என்றாள். அதற்கு நீயும் சிரித்தாய். நாம் மூவரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

ஏனென்றால் அதற்கடுத்து நான் உன் பெட்டிகளில் ஒன்றைத் திறந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, கை சும்மா இருக்கவில்லை. பச்சை இஞ்சின். நீ வாங்கி வைத்து வருஷக்கணக்காக டேப்கூடப் பிரிக்காதது. தண்டவாளத்தில் வைத்துத் திருகினால் உறுமுகிறது, உடம்பு நடுங்குகிறது, நகரவில்லை. டிரைவருக்கு இது தெரியாதா? ஷெட்டில் நிறுத்தியே வைத்த பஸ் இப்படித்தான் செய்யும். உள்ளே போட்ட கிரீஸ் இறுகிப் பாறையாகியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். கோழியிறகை டீசலில் தோய்த்துப் பல்சக்கரத்தைக் கழுவினேன். ஓடியது தம்பி, மூன்று சுற்று அழகாக ஓடியது. ஆனால் பக்கவாட்டில் இருந்த நம்பரும் எழுத்தும் டீசலில் கரைந்து என் விரலோடு வந்துவிட்டன. பஸ்ஸுக்குச் செய்வதைப் பொம்மைக்குச் செய்யக்கூடாது என்று எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித்தரவில்லை.

அடுத்த முறை வந்தபோது பார்த்துவிட்டாய். "சீல பிரிச்சிட்டியேப்பா! ரேர் பீஸ் அது. சீல் போனா வேல்யூவே போச்சு!"

"செத்துக் கெடந்துதுடா. கழுவி உட்டேன், ஓடுச்சு" என்றேன். பாராட்டுவாய் என்றுதான் நினைத்தேன். என் புத்தி அப்படி.

"யாரு ஓட்டச் சொன்னா?" என்றாய்.

ரயிலை யார் ஓட்டச் சொன்னது என்று ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை. நீ மறுநாளே எல்லாப் பெட்டியிலும் ஸ்கெட்ச் பேனாவால் 'டு நாட் ஓப்பன்' என்று இங்கிலீஷில் எழுதினாய். எனக்கு இங்கிலீஷ் தகராறு என்பது ஞாபகம் வந்ததோ என்னவோ, கீழே தமிழிலும் 'திறக்க வேண்டாம்' என்று எழுதினாய். எழுத்துப் பக்கம் அறையைப் பார்த்து இருக்கும்படி திருப்பியும் வைத்தாய். அதற்கப்புறம் கூரியர்காரன் வந்தான், நீ வரவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கி, எழுத்துத் தெரியும்படி திருப்பி வைப்பது என் வேலை. வாட்ச்மேன் உத்தியோகம். யூனிஃபார்ம் மட்டும்தான் பாக்கி.

போன மாதம் மாமல்லபுரம் பக்கம் உன் புது ஃபிளாட்டுக்குப் பால் காய்ச்சினோம். கடல் தெரிகிறது, காற்று ஆளைத் தூக்குகிறது, நல்ல வீடு. மனசு நிறைந்துதான் வாழ்த்துகிறேன். ஒரு அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி, ஒவ்வொரு தட்டுக்கும் குட்டி விளக்கு, வரிசையாக இஞ்சின்கள். ஒரு அங்குலத் தண்டவாளத்துக்கும் கரண்ட் கிடையாது. உன் மாமன் என் தோளில் இடித்து, "இன்னா மச்சான், இது ரயிலா, நகைக்கடையா?" என்றான். உன் ஆபீஸ் நண்பர் ஒருவர், "ஓடுமா சார் இதெல்லாம்?" என்று கேட்டார். "டிஸ்பிளேக்கு மட்டும்தான், ஓட்டக்கூடாது" என்றாய். அப்போது நீ என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்கக் கழுத்தைப் பிடித்து வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

நடுத்தட்டில் ஒரு இடம் மட்டும் காலி. அதற்கு மேலே மஞ்சள் விளக்கு. "அது நம்ம பழைய இஞ்சினுக்குப்பா. ஸ்பெஷலா உட்டு வெச்சிருக்கேன்" என்றாய். ஆசையாகத்தான் சொன்னாய், மறுக்கவில்லை. திரும்பி வருகிற வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டினோம். உன் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "செத்தவங்க போட்டோவுக்குத்தான்யா அப்பிடி லைட்டு போடுவாங்கோ" என்றாள்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் வண்டி ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். உன் கூட்டாளிகளும் கேட்டுக்கொள்ளட்டும். புதுசு வேண்டும் என்று கை போனைத் தேடும்போது, முதலில் வீட்டில் இருக்கிற வண்டியைக் கிளப்பிப் பார். சலிப்பாக இருந்தால் இஞ்சினை மாற்றாதே, அது போகிற காரியத்தை மாற்று. இன்றைக்கு அது பால் வண்டி, நாளைக்குக் கல்யாணக் கோஷ்டி, மறுநாள் அரிசி மூட்டை. மேடையைப் பிய்த்து வேறு பக்கம் ஒட்டு. ஒரு மரம் செய், தேங்காய் நாரும் பசையும் போதும். உன் கைக்கு ஒரு வாரம் வேலை கிடைக்கும், மனசுக்கு ஒரு மாதம். கல்பாக்கம் ரோட்டில் தினமும் ஒரே பஸ்ஸை ஒரே வழியில் ஓட்டினேன். ஒரு நாளும் எனக்கு வேறு பஸ் வேண்டும் என்று தோன்றியதில்லை. வழியில் ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள், அதனால்தான். உன் பெட்டிகளில் யாரும் ஏறுவதில்லை தம்பி. அந்த நர்ஸ் இல்லை, பட்டுப்புடவைக்காரர் இல்லை. அவர்களை நீதான் ஏற்றினாய். எங்கே இறக்கிவிட்டாய் என்று தெரியவில்லை. வாங்கியதில் பாதியையாவது ஓட்டுகிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு. கொடுக்க மனசில்லையா, சீலைப் பிரித்து நீயாவது ஓட்டு. அந்த உப்புக்காற்றில் சும்மா நிற்கிற இரும்பு எவ்வளவு காலம் இரும்பாக இருக்கும் என்று, கடற்கரை ரோட்டில் பஸ் ஓட்டிய என்னைக் கேள்.

இன்னொரு விஷயம், உன்னிடம் சொல்லாதது. எனக்குக் கை நடுங்குகிறது. ஸ்டியரிங் பிடித்த கைதான். காபி டம்ளரைப் பிடித்தால் தரையும் கொஞ்சம் குடிக்கிறது. நீ வராத நாட்களிலும் சாயங்காலம் நான் மாடியேறி நீல இஞ்சினை லூப்பில் நிறுத்தி, பின்னால் வண்டி போனதும் கிளப்பிக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் இரண்டாவது கோச் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது. அந்தப் பொடிச் சக்கரத்தைத் திருப்பி ஏற்ற என் விரலால் முடியவில்லை. அம்மா கொண்டை ஊசியால் நெம்பிப் பார்த்தாள், அவள் கண்ணுக்குத் தண்டவாளமே தெரியவில்லை. "அவன் வந்தா ஒரு செகண்டு வேல" என்றாள். அன்றிலிருந்து வண்டி லூப்பிலேயே நிற்கிறது, நர்ஸ் சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். உன் போன் வந்தது அதற்கு மறுநாள்தான். பபிள் ராப் சுற்றச் சொல்லி.

ஆகையால் நான் முடிவு செய்தது இது. கதவை யாருக்கும் கொடுக்க மாட்டேன். இஞ்சினை உனக்குத் தருகிறேன், உனக்குச் சேரவேண்டியதுதான். ஆனால் அது இங்கிருந்து நேராக அலமாரிக்குப் போகாது. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, அந்தக் கோச்சை ஏற்றி, சாயங்கால வண்டி கடக்கும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கொடி காட்டிய பிறகு அதை ஒரு சுற்று ஓட்ட வேண்டும். வண்டி லேட் என்றால் நீயும் லேட். அதற்கப்புறமும் உனக்கு அதைக் கண்ணாடிக்குள் வைக்கத் தோன்றினால், நானே சுற்றித் தருகிறேன். நடுங்குகிற கைதான், உடையாமல் தருவேன்.

உன் அம்மா காலையிலிருந்து, "ஞாயித்துக்கெழம கறி எடுக்கட்டா வேணாமாய்யா? அவன் வரானா, ஆள் அனுப்புறானா, அதக் கேட்டுச் சொல்லு" என்று நச்சரிக்கிறாள். நான் கேட்கப்போவதில்லை.

ஆளை அனுப்பினால் அனுப்பு. சீல் பிரியாத பெட்டிகளையெல்லாம் மாடிப்படி வரை நானே இறக்கி வைத்திருப்பேன், எழுத்துத் தெரியும்படி. வந்தவனுக்கு மோர் கொடுப்போம். அவன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, "பழைய இஞ்சின் ஒண்ணு கீதாமே, அதையும் எடுத்துகினு வரச் சொன்னாரு" என்பான். "அது கிராஸிங்குக்கு நிக்குதுப்பா, இப்பக் கிளம்பாது" என்பேன். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான். அவன் வந்து உன்னிடம் அதை அப்படியே சொல்லுவான். அப்போது நீ யாரிடமும் அதற்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்காது.

உன் அப்பா